மாமாவின் இலைக்கு ஒரு கறுப்பு பீர்

இந்த நாட்டில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஜொகூருக்கு வந்து ஒன்பது வருடங்களாகின்றன, இன்னும் எனக்கு இது பழகவில்லை. காலையில் கொடியில் போட்ட துண்டை மாலையில் எடுத்து முகத்தில் ஒற்றினால் அதில் ஒரு சில்லிப்பு மிச்சம் இருக்கும். உப்புக் குப்பியில் அரிசி போட்டு வைத்தாலும் உப்பு கட்டிதட்டும். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த தோல் செருப்பில் பூஞ்சை பூத்துவிட்டது. நான் அருப்புக்கோட்டைக்காரன். எங்கள் பக்கம் கைலியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் அது அப்பளமாக விறைத்திருக்கும். இங்கே நான் சட்டையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தால் என் மனைவி கோகிலா, "காஞ்சிருச்சுங்க, போட்டுக்குங்க லா" என்பாள். அவள் இங்கேயே யோங் பெங்கில் பிறந்து வளர்ந்தவள், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டே வரும். காய்ந்தது என்றால் என்ன என்பதில் எங்களுக்குள் இதுவரை உடன்பாடு ஏற்படவில்லை.

அதனால்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, உலு திராமில் என் மச்சான் சேகர் வீட்டு வாசலில் வெயில் சுள்ளென்று விழுந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். முப்பது பெரிய பாட்டில்களைக் கழுவி, கம்பித் தட்டுகளில் கவிழ்த்து, அந்த வெயிலில் வரிசையாக அடுக்கினேன். எல்லாம் பீர் பாட்டில்கள். பீர் குடிக்காதவன் பீர் பாட்டில் நிரப்பிய கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

சேகர் கோகிலாவின் அண்ணன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் வருபவர். விடுமுறை நாளில் வீட்டுப் பின்கட்டில் பீர் காய்ச்சுவது அவருடைய பொழுதுபோக்கு. விற்பதற்கல்ல, நண்பர்களோடு குடிப்பதற்கு. காய்ச்சிப் புளித்ததைக் கெக் என்கிற எவர்சில்வர் பீப்பாயில் அடைத்து, குளிர்பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு கேஸ் சிலிண்டரை மாட்டிவிடுவார். அந்தக் கேஸ்தான் பீருக்குள் கரைந்து நுரையாகிறது. அவருடைய அப்பா, என் மாமனார், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையின் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டியவர். கறுப்பு பீரைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். "நானே ஒருநாள் உங்களுக்குக் கறுப்பு பீர் காய்ச்சித் தர்றேம்பா" என்று சேகர் சொல்ல, "காய்ச்சு, குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று அவர் சிரிக்க, இப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது. போன வருடம் மாமா இறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் யோங் பெங் வீட்டில் அவருக்கு முதல் வருஷப் படையல். இங்கே ரப்பர்த் தோட்டத்து வழி வந்த குடும்பங்களில் இறந்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அதெல்லாம் இலையில் வரும். ஆட்டிறைச்சி, அவித்த முட்டை, சிகரெட், அவர் குடித்த பீர். எங்கள் வீட்டில் வடை பாயசத்தோடு சரி என்பதால், முதல்முறை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் இலையில் தான் காய்ச்சிய பீர்தான் வைக்கவேண்டும் என்று சேகர் ஒரு கெக் நிறையக் காய்ச்சி, சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மழையில் பைக் சறுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன் என்று மருத்துவமனையில் படுக்கவைத்துவிட்டார்கள். கெக்கையும் சிலிண்டரையும் குளிர்பெட்டியையும் யோங் பெங்குக்குத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. பாட்டிலில் அடைத்தால்தான் உண்டு.

"கடையில ஒரு பாட்டில் வாங்கி வச்சுக்கலாம் மாப்ள, நீங்க சிரமப்படாதீங்க" என்றார் அத்தை, என் மாமியார், போனில். அத்தை நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணம் முடிந்த மறுநாள் மாமா ஒரு பெரிய பாட்டிலைத் திறந்து, இரண்டு கண்ணாடிக் கிளாஸ்களை எடுத்துவைத்து, எதிரே உட்கார் என்று கைகாட்டினார். ஊரை விட்டுக் கிளம்பும்போது அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி, "பழக்கமில்லை மாமா" என்றேன். இரண்டு கிளாஸையும் அவரே குடித்தார். அதன்பிறகு எட்டு வருடங்களில் ஒருநாளும் அவர் என்னை எதிரே உட்காரச் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "மாப்ள ஊர்க்காரரு, குடிக்க மாட்டாரு" என்பார். அது பெருமையா, குறையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. நான் மறுத்தது பீரைத்தான், ஆனால் கை அவர் முகத்துக்கு நேராகப் போய்விட்டது. உயிரோடு இருக்கும்போது சரிசெய்ய எனக்குத் துப்பில்லை. இந்த ஒரு பாட்டிலாவது என் கையால் அவர் இலைக்குப் போகட்டும் என்று இறங்கினேன்.

சேகர் படுக்கையிலிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தார். "கேஸைக் குறைச்சிருங்க மச்சான். கெக்குல ஏற்கெனவே இருக்கிற அழுத்தத்தை லேசா வெளிய விட்டுருங்க. குழாய்ல நீளக் குழல் ஒண்ணு மாட்டியிருக்கேன், அது பாட்டில் அடியைத் தொடணும். எல்லாம் சில்லா இருக்கணும். அவ்ளோதான், சும்மா ஈஸி." நான் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். அழுத்தம், குழாய், வால்வு என்றால் எனக்குத் தண்ணி பட்ட பாடு. கேஸைக் குறைத்தேன். அழுத்தத்தை வெளியேற்றினேன். வெயிலில் காய்ந்த பாட்டில்களை உள்ளே கொண்டுவந்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை, கையில் பிடிக்க முடியாத சூடு. ஒன்பது வருடத்தில் முதன்முறையாக இந்த நாட்டில் ஒரு பொருளை ஒழுங்காகக் காயவைத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு மிதப்பு.

குழலைப் பாட்டிலின் அடிவரை இறக்கிக் குழாயைத் திறந்தேன். கறுப்பாக ஏதோ உள்ளே போனது தெரிந்தது, அவ்வளவுதான். அடுத்த நொடி பாட்டில் முழுக்கக் காபி நிறத்தில் நுரை. அது கழுத்தைத் தாண்டி, என் முழங்கையில் வழிந்து, தரையில் ஓடியது. நுரை அடங்கியபின் பார்த்தால் பாட்டிலில் நாலு விரல் பீர்தான் இருந்தது. அடுத்த பாட்டிலில் குழாயைப் பாதி மட்டும் திறந்தேன், இன்னும் மோசம். அதற்கடுத்ததைச் சாய்த்துப் பிடித்தேன். கேஸை அடியோடு மூடிப் பார்த்தேன். எட்டு பாட்டில்கள் ஆயின. ஒன்றுகூட நிறையவில்லை. வழிவதைப் பிடிக்க வைத்த வாளியில்தான் அதிகம் சேர்ந்திருந்தது. கெக்கைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் இரண்டு கையாலும் அசைக்கவேண்டியிருந்ததை இப்போது சுலபமாக நகர்த்த முடிந்தது. இனி காய்ச்ச ஆளும் இல்லை, நாளும் இல்லை.

நான் ஏன் அப்படிக் காயவைத்தேன் என்பதைச் சொல்லவேண்டும். அம்மா வீட்டிலேயே ஊறுகாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பாட்டில் கழுவுவது என் வேலை. கழுவி, வெயிலில் கவிழ்த்து, உள்ளங்கையில் சுடும்வரை காயவைத்து, அந்தச் சூட்டோடு ஊறுகாயை அடைக்கவேண்டும். ஒருநாள் கிரிக்கெட் ஆடும் அவசரத்தில் அரைகுறையாகக் காய்ந்த பாட்டில்களை அடுக்கிக் கொடுத்துவிட்டேன். பத்து நாளில் எலுமிச்சை ஊறுகாய் நாற்பது பாட்டிலும் வெள்ளையாகப் பூத்துப்போய்க் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கொல்லையில் குழி வெட்டி அவ்வளவையும் கொட்டி மூடினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து ஈரப் பாட்டிலைக் கண்டால் எனக்கு உடம்பு கூசும்.

சேகருக்கு மறுபடி போன் செய்தேன். "சில்லா இருக்கா மச்சான்?" என்றார். "கெக் சில்லுனுதான் இருக்கு" என்றேன். "ஹோஸு?" என்றார். கெக்கிலிருந்து வரும் ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. காரணம் பிடிபட்டுவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது. ஐஸ் கட்டி வாங்கிவந்து குழாயைச் சுற்றிக் கட்டினேன். ஒன்பதாவது பாட்டில் கொஞ்சம் பரவாயில்லை, பாதி தேறியது. ஆனாலும் நுரை நுரைதான். பாட்டில் எப்படி இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாட்டிலைக் குளிரவைக்கவேண்டும் என்பது அவருக்குச் சொல்லத் தேவையே இல்லாத விஷயம். சூடாக்கவேண்டும் என்பது எனக்கும் அப்படித்தான்.

மிச்சம் இருந்த இருபத்தொரு பாட்டில்களை இன்னும் காயட்டும் என்று திரும்ப வெயிலில் வைத்தேன். பாட்டில் காய்ந்ததில்தான் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் என் புத்தி போயிற்று. அப்போதுதான் பக்கத்து வீட்டு ஆ ஹாக் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ஏர்கான் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற சீனர், சேகரின் பீரில் பாதியைக் குடிப்பவர். பாட்டில் வரிசையைப் பார்த்து, "யூ புவாட் கிச்சாப் கா?" என்றார். சோயா சாஸ் செய்கிறாயா என்கிறார். அவர்கள் சோயாவை வெயிலில் வைத்துத்தான் பதப்படுத்துவார்கள். நான் அவர் கிண்டலைக் கவனிக்காமல், இல்லை அங்கிள், சேகரின் பீர், பாட்டில் இன்னும் சரியாகக் காயவில்லை என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். அவர் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். ஒரு பாட்டிலைத் தொட்டார், கையை உதறினார்.

"அலமாக், பானாஸ் லா. ஒய் யூ குக் த பாட்டில்?"

ஐயோ சுடுகிறதே, பாட்டிலை ஏன் சமைக்கிறாய் என்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஈரம் இருந்தால் கெட்டுப்போகும் அங்கிள், தண்ணீர் ஒரு சொட்டுகூட ஆகாது, எங்கள் வீட்டில் இதுதான் தொழில் என்று படபடவென்று பேசினேன். ஆயர் என்றால் மலாயில் தண்ணீர், தா போலே என்றால் கூடாது. "ஆயர் தா போலே, ஆயர் தா போலே" என்று நாலு தடவை சொல்லியிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாளியில் இருந்த நுரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பீர் பூன் ஆயர், பாய்" என்றார். பீரும் தண்ணீர்தானே தம்பி என்கிறார்.

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். ஊறுகாய்க்கு எதிரி தண்ணீர். பீர் என்பதே தண்ணீர், அதில் கேஸைக் குளிரால் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த பீரைக் கொதிக்கிற கண்ணாடியில் ஊற்றினால் கேஸ் தப்பித்து ஓடாமல் என்ன செய்யும்? இருபது வருடம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவனுக்கு இது தெரியாதா? தெரியும். பாட்டில் என்றதும் என்னிலிருந்த மெக்கானிக் விலகிக்கொண்டு, குழி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பையன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

ஆ ஹாக் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். கையில் இரண்டு பெரிய ஐஸ் மூட்டைகளும் நடுவில் ஓட்டை போட்ட ஒரு ரப்பர் அடைப்பானும் இருந்தன. வெயிலில் கிடந்த பாட்டில்களை நிழலுக்குக் கொண்டுவந்து சூடு தணியவிட்டோம். சேகர் வைத்திருந்த கிருமிநாசினித் தண்ணீரில் முக்கினோம், துடைக்கவில்லை. பிறகு ஐஸ் நிரப்பிய தொட்டியில் கழுத்துவரை இறக்கினோம். அரை மணி நேரம் கழித்து ஒன்றை எடுத்தேன். உள்ளேயும் வெளியேயும் நீர் சொட்டியது. அதை நிரப்பக் கொண்டுபோகும்போது கை கூசியது என்று சொன்னால் நம்புவீர்களா? ஒருமுறை உதறிக்கூடப் பார்த்தேன். "ஜாங்கான்" என்று அதட்டினார் அவர். செய்யாதே என்று அர்த்தம்.

அடைப்பானின் ஓட்டை வழியாகக் குழலை நுழைத்துப் பாட்டிலின் வாயை இறுக்கினோம். குழாயைப் பயந்து பயந்து திறக்காதே, முழுசாகத் திற என்றார். திறந்தேன். பீர் அடியிலிருந்து கறுப்பாக ஏறியது. பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று அதற்கு எதிராக முட்ட, ஓட்டம் தானாக மெதுவானது. நின்றுபோகிற சமயத்தில் அவர் அடைப்பானை விரலால் லேசாக நெம்பினார். ஸ் என்ற சத்தத்தோடு காற்று கொஞ்சம் வெளியேறியது, பீர் மறுபடி ஏறியது. கழுத்து வரும்வரை மேலே ஒரு விரல்கடை நுரைதான். குழலை உருவியதும் நுரை மெல்ல எழுந்து வாயைத் தொட்டது. "நவ்" என்றார். அந்த நுரையின் மேலேயே மூடியை வைத்து அழுத்தினேன். காற்றுக்கு இடமில்லாமல் அடைபட்டது.

அதன்பின் அவர் நெம்ப, நான் நிரப்ப, மூடி விழ, அடுத்தது. பத்தாவது பாட்டிலுக்குப் பிறகு என் விரலுக்கே அந்த அளவு பிடிபட்டுவிட்டது. இரண்டு பாட்டில்கள் பொங்கின, விட்டுத்தள்ளினேன். பதினான்கு நிரம்பியபோது கெக் இருமியது, பதினைந்தாவது முக்காலில் நின்றது. முப்பதில் பதினான்கு. சேகருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இடது கையால் தட்டித் தட்டி, "போதும் மச்சான், எங்கப்பா ஒருத்தருதானே" என்று பதில் எழுதினார். முக்கால் பாட்டிலை ஆ ஹாக் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அதற்கும் மேலே கொடுத்திருப்பேன், அவர் வாங்கவில்லை.

மறுநாள் காலை பதினான்கு பாட்டில்களையும் ஐஸ் பெட்டியில் நிறுத்தி, இடையிடையே துண்டு திணித்து, கோகிலாவோடு கிளம்பினேன். எப்போதும் நான் வேகமாக ஓட்டுகிறேன் என்று சண்டை போடுகிறவள் அன்று, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போலாங்க, லாரியெல்லாம் நம்மள முந்துது" என்றாள். பாட்டில் குலுங்கினால் உள்ளே கேஸ் கிளம்பிவிடும் என்று எனக்குப் பயம். ஆயர் ஈத்தாம் தாண்டியபின் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. நான் வண்டியை ஓரம் கட்டி, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறினேன். கோகிலா சிரிக்கவில்லை. என் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

யோங் பெங் வீட்டில் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். மாமாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து எல்லாம் பரிமாறியாயிற்று. பாட்டிலைத் திறந்து ஊற்றவேண்டியது மகன். மகன் கையில் கட்டோடு மருத்துவமனையில் இருக்கிறார். மாமாவின் தம்பி, கோகிலாவின் சித்தப்பா, எழுந்திருக்கப் போனார். அத்தை அவரைக் கையமர்த்தி, "மாப்ள, நீங்க ஊத்துங்க" என்றார். நான் மூடியை நெம்பினேன். முந்தின நாள் முழுக்க நுரையோடு போராடிய பழக்கத்தில் கிளாஸைச் சாய்த்து, ஓரமாக, சத்தமே இல்லாமல் ஊற்ற ஆரம்பித்தேன். "ஐயா, எங்கண்ணனுக்கு நுரை வேணும். நுரை இல்லாட்டி திருப்பி அனுப்பிருவாரு" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நான் கிளாஸை நிமிர்த்தி, பாட்டிலை உயர்த்தி ஊற்றினேன். நுரை கெட்டியாக எழுந்து விளிம்புக்கு மேலே நின்றது, வழியவில்லை. அதை மாமாவின் எதிரே வைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா என்று வாய்விட்டே சொன்னேன். யார் காதில் விழுந்தது என்று தெரியாது.

சாம்பிராணி காட்டி முடிந்தபின், படையல் பீரை ஆண்கள் ஆளுக்கு ஒரு மடக்கு குடித்தார்கள். சித்தப்பா என்னிடம் கிளாஸை நீட்டினார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை, "அவருக்கு வேணாம், அவரு குடிக்க மாட்டாரு" என்றார். இன்னாருக்கு இனிப்பு ஆகாது, இன்னாருக்கு மீன் ஆகாது என்று வீட்டு ஆட்களைப் பற்றிச் சொல்வார்களே, அப்படிச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னைக்கி அமாவாசை. உங்கப்பாவுக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டார்.

என் அப்பா மூன்று வருடங்களுக்கு முன் அருப்புக்கோட்டையில் இறந்தார். கோகிலாவோடு இங்கே தங்குவதற்கான கணவர் விசாவைப் புதுப்பிப்பதற்காக என் பாஸ்போர்ட் அப்போது குடிநுழைவு அலுவலகத்தில் கிடந்தது. அது கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அமாவாசைதோறும் தம்பி அங்கே இலை போடுவான், நான் இங்கிருந்து போனில் பார்த்துக் கும்பிடுவேன். இத்தனை வருடத்தில் அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று இந்த நாட்டில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. "சர்க்கரை தூக்கலா டீ. காராச்சேவு" என்றேன். கோகிலா எழுந்து போய் டீ போட்டு வந்தாள். காராச்சேவு கிடைக்கவில்லை, தகர டப்பாவிலிருந்து முறுக்கு வந்தது. அத்தை மாமாவின் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலையை விரித்துச் சோறு வைத்தார். "ரெண்டு சம்மந்தியும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிடட்டும்" என்றார். உயிரோடு இருந்தபோது அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை. அப்பா மதுரையைத் தாண்டியதில்லை. நான் இரண்டு இலைகளுக்கும் முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

பந்தி முடிந்து இலைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது தம்பி அழைத்தான். இங்கே மணி மூன்று, அங்கே பன்னிரண்டரை. மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தான். கைப்பிடிச் சுவரில் வைத்த சோறு அப்படியே இருப்பதைக் காட்டினான்.

"அண்ணே, அரை மணி நேரமாக் கூப்புடுறேன். காக்கா வரவே இல்லண்ணே. இப்பிடி ஆனதே இல்ல. அம்மா வேற கீழ சாப்பிடாம ஒக்காந்திருக்கு."

என் கையில் அப்பாவின் இலை இருந்தது. டீ கிளாஸில் ஆடை கட்டியிருந்தது. அங்கே வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தம்பியை நான் போனில் பார்த்தேன்.

"கொஞ்சம் பொறுடா" என்றேன். "இப்பத்தான் இங்க சாப்பிட்டாரு. கெளம்பி வந்துக்கிட்டிருப்பாரு."